வலியும் பயமும்: ரமண பகவானின் கடைசி வருஷம்

 

இன்னைக்கு ரமண மகரிஷி பத்திச் சொல்றேன். 1907-ல அவருக்கு அந்தப் பேரைச் சூட்டின காவ்யகண்ட கணபதி முனி, அவரை முருகனோட அவதாரமாவே கண்டவர்.

30.12.1879-ல திருச்சுழியில பிறந்தார். பேரு வேங்கடராமன். 16 வயசுல, நம்ம மதுரையில, நல்லா இருந்த பையனுக்குத் திடீர்னு மரண பயம் வந்தது. யாரையும் கூப்பிடல. பிணம் மாதிரிப் படுத்து, சாகிறது எதுன்னு உள்ளுக்குள்ள விசாரிச்சார். பயம் அன்னைக்கே போயிடுச்சு. 1896 செப்டம்பர் 1-ல திருவண்ணாமலை வந்தவர், அந்த ஊரை விட்டுப் போகவே இல்ல.

1949 தொடக்கத்துல இடது முழங்கைகிட்ட ஒரு சின்னக் கட்டி. அறுத்து எடுத்தாங்க, திரும்ப வளர்ந்தது. சார்கோமாங்கிற புற்றுநோய். ஒரே வருஷத்துல நாலு அறுவை சிகிச்சை, ரேடியம் வேற. கையை எடுத்துடலாம்னு டாக்டர்கள் சொன்னதுக்கு மட்டும் அவர் சம்மதிக்கல. சித்த மருத்துவம், ஆயுர்வேதம், ஹோமியோபதின்னு பக்தர்கள் கொண்டுவந்ததுக்கெல்லாம் இடம் கொடுத்தார். உடம்புக்கு வலி இருக்குங்கிறதை அவர் மறைக்கல. ஆனா அழுத பக்தர்களுக்கு அவர்தான் ஆறுதல் சொன்னார்.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டிருந்த ஒரு அம்மாவுக்குப் புற்றுநோய். பார்க்க வர்றவங்க, முருகனை முழுசா நம்பினா வலி தெரியாதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. அந்தம்மா தன் பக்தி பத்தலையோன்னு ராத்திரியெல்லாம் கலங்குறாங்க. கலங்கக் கலங்க வலி கூடுது.

வலியும் பயமும் ஒண்ணை ஒண்ணு வளர்க்கும். வலிச்சா, நோய் பரவுதோன்னு பயம். பயந்தா தூக்கம் போகும், உடம்பு இறுகும், அதே வலி பெருசாத் தெரியும். லண்டன்ல 1967-ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், உடம்பு, மனசு, குடும்பம், ஆன்மா நாலையும் சேர்த்துத்தான் வலின்னு பார்க்கணும்னாங்க. நம்ம மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, கோழிக்கோட்டுல 1993-லயே வலித்தணிப்புச் சங்கம் தொடங்கிட்டாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்தா மார்பின் மாத்திரை வரைக்கும் இருக்கு. வலி அடங்கினா பயம் பாதி குறையும். பயம் குறைஞ்சா வலியைத் தாங்க முடியும்.

14.4.1950 ராத்திரி, வெளியே பக்தர்கள் அட்சரமணமாலை பாட, பகவான் கண்ணோரம் நீர் வழிய, மூச்சு அமைதியா அடங்கினது. அதுவரைக்கும் தரிசனம் கொடுத்துட்டுத்தான் இருந்தார்.

அவ்வளவு பெரிய ஞானியே டாக்டர் கையில கையைக் கொடுத்தார். அதனால உறவுகளே, வீட்டுல யாராச்சும் வலிக்குதுன்னு சொன்னா அவங்க பக்தியை அளக்காதீங்க. நேரத்துக்கு மாத்திரை கொடுங்க, விபூதி பூசுங்க, பக்கத்துல உட்காருங்க. மனசு ரொம்ப பயந்தா அதையும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க. முருகன் அந்த வழியிலயும் வருவான்.

வேலும் மயிலும் துணை. தேவைப்படுறவங்களுக்கு அனுப்புங்க.