பேனா பிடித்த மருத்துவர்

மாங்கா என்றதும் உப்பும் மிளகாய்த்தூளும் நினைவுக்கு வந்து நாவில் நீர் ஊறினால் அதற்கு நான் பொறுப்பல்ல. நான் சொல்ல வந்தது ஜப்பானியரின் படக்கதையை. அவர்கள் அதை மாங்கா என்றே அழைக்கிறார்கள். மாமாவின் பெட்டியில் கிடந்த முத்து காமிக்ஸ் இதழ்களில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். சென்ற கோடை விடுமுறையில் சில மாங்கா நூல்கள் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்தன. பொழுது போகட்டும் என்றுதான் திறந்தேன். மூடும்போது, வரைந்தவரின் வாழ்க்கையை அறிய வேண்டும் என்ற ஆவல் பிறந்துவிட்டது.

அவர் பெயர் ஒசாமு தெசுகா. 1928 நவம்பர் 3-இல் ஒசாகாவை அடுத்த தொயோனாகாவில் பிறந்து, தகராசுகாவில் வளர்ந்தார். சிறுவயதில் பூச்சிகளின்மேல் தீராத ஆசை. ஒசாமுஷி என்றொரு வண்டு உண்டு. அது தம் பெயரை ஒத்திருந்ததால், பூச்சியைக் குறிக்கும் எழுத்தைப் புனைபெயரில் சேர்த்துக்கொண்டார். 1945-இல் ஒசாகாவின்மீது குண்டுமழை பொழிந்தபோது, தொழிற்சாலை வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த மாணவர் அவர். அன்று உயிர் தப்பியவர் பின்னாளில் உயிரின் மதிப்பையே திரும்பத் திரும்ப வரைந்ததில் வியப்பில்லை.

அதே ஆண்டு மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1946-இல் அவருடைய முதல் தொடர் நாளிதழில் வந்தது. 1947-இல் வெளியான 'புதிய புதையல் தீவு' அவரைப் புகழேணியில் ஏற்றியது. ஒரு சிறுவன் காரில் துறைமுகத்துக்கு விரைகிறான். அந்த ஒரு செயலையே கட்டம் கட்டமாக, திரைப்படம்போல் காட்டியிருந்தார். ஸ்டெதஸ்கோப்பா, பேனாவா என்று தவித்தபோது, எது பிடிக்கிறதோ அதையே செய் என்றாராம் தாய். பேனாவைத் தேர்ந்தார். ஆனால் படிப்பைப் பாதியில் விடவில்லை. மருத்துவத் தேர்விலும் வென்றார். 1961-இல் நத்தையின் விந்தணு குறித்த ஆய்வுக்கு முனைவர் பட்டமும் பெற்றார்.

1952-இல் பிறந்த 'அஸ்ட்ரோ பாய்' என்னும் இயந்திரச் சிறுவன், 1963 புத்தாண்டு நாளில் தொலைக்காட்சிக்கு வந்தான். வாரந்தோறும் அரைமணிப் படம்; அதை ஆகும் செலவுக்கும் குறைவான விலைக்குக் கொடுத்தார் தெசுகா. ஜப்பானில் அசைபடக் கலைஞர்களின் கூலி குறைந்ததற்கு இதுவே வித்து என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையை மறைத்து அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை.

1973-இல் அவருடைய படநிறுவனம் நொடித்துப்போனது. அவர் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். அந்த ஆண்டிலேயே தொடங்கியதுதான் 'பிளாக் ஜாக்' தொடர். உரிமம் இல்லாத ஓர் அறுவை மருத்துவனின் கதைகள் அவை. ஒன்றில், சிறுவனின் உடலுக்குள் கத்தியைத் தவறவிட்ட மருத்துவர் ஏழாண்டுகள் கழித்துத் திறந்து பார்க்கிறார். கத்தியைச் சுற்றிச் சுண்ணம் படிந்து உறையாகி, உடலைக் காத்திருக்கிறது. சிப்பிக்குள் முத்து விளையும் விதத்தைப் படித்திருந்த எனக்கு உடல் சிலிர்த்தது. தேர்வுக்கு மனப்பாடம் செய்த செய்தி கதைக்குள் உயிர்பெற்று நின்றது.

1972 முதல் 1983 வரை வெளிவந்த 'புத்தர்' எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கபிலவஸ்துவில் இந்தக் காலத்து நகைச்சுவை எதற்கு என்று முகம் சுளித்தேன். படிக்கப் படிக்க, சிரிக்க வைத்தே துயரத்தின் அருகில் அழைத்துப் போகிறார் என்பது விளங்கியது.

ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பக்கங்கள் வரைந்த கை, 1989 பிப்ரவரி 9-இல் ஓய்ந்தது. வயிற்றுப் புற்றுநோய், வயது 60. மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்துகொண்டிருந்தார். சில தொடர்கள் முடிவுறாமலே நின்றன. தூக்கத்தைத் தியாகம் செய்த அந்த வேகத்தை வியக்கிறேன், பின்பற்ற அஞ்சுகிறேன்.

நண்பர்களே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓவியம்தான் என் வழி, விலங்கியல் வீண்சுமை என்று சென்ற ஆண்டே கல்லூரியை விட்டு நிற்க எண்ணியிருந்தேன். வீட்டில் சொல்லத் துணிவில்லாமல்தான் தொடர்ந்தேன். நத்தையை ஆராய்ந்த கையே இயந்திரச் சிறுவனையும் வரைந்தது என்று அறிந்தபின் அந்த எண்ணம் தளர்ந்துவிட்டது. நவம்பரில் அரியர் தாள்கள் இரண்டையும் எழுதப் போகிறேன். வரைவதையும் விடமாட்டேன், ரெக்கார்டு நோட்டின் ஓரங்களில் மட்டும் இனி வரைவதில்லை என்று பேராசிரியருக்கு வாக்களிக்கிறேன்.