5 வால்வு ரேடியோ 70 ரூபாய்! அறிவித்தார் ஜி.டி.நாயுடு

புதியம்புத்தூர் பக்கம் கோவில் கொடை என்றால் குழாய் ரேடியோ அலறியாக வேண்டும். அதற்குச் சத்தம் கொடுத்தது அந்தக்கால வால்வு ஆம்ப்ளிபயர். சுவிட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே கண்ணாடி வால்வு சூடேற வேண்டும். அதற்காகவே காத்துக் கிடந்து ரசிக்கிற ஆசாமிகள் உண்டு!

இந்த வால்வுச் சத்தத்தை ஏழை வீட்டிலும் கேட்க வைக்கலாம் என்று மார்தட்டியவர் கோவை ஜி.டி.நாயுடு.

1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏறவில்லை. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்துச் சொக்கிப்போனார். கோவையில் ஓட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். வண்டியை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? அக்கக்காகக் கழற்றி, மறுபடி பூட்டினார்!

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டார். அவரே டிரைவர்.

1941-ல்தான் அந்த அறிவிப்பு. 5 வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்றார். அப்போது ரேடியோ பணக்காரர் வீட்டுச் சாமான். பெரும்பாலும் சீமைச் சரக்கு. யுத்த நேரம் வேறு.

ஆனால் வீட்டுக்கு வீடு ரேடியோ பாடியது பின்னாளில், டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான். அதற்கு வால்வே வேண்டாம்!

1974 ஜனவரி 4-ல் நாயுடு காலமானார். அவர் பெயரில் கோவை அவினாசி ரோட்டில் கண்காட்சி இருக்கிறது.