நாற்றுகளைக் கழித்தே நீலப்பூ கண்ட கார்ல் ஃபோர்ஸ்டர்

நாற்றங்காலில் நல்ல நாற்றைப் பொறுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பார்வைக்கு அழகாகப் பூத்து நிற்கும் செடியையும் வேண்டாம் என்று பிடுங்கிப் போடத் துணிபவர்கள் குறைவு. ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் ஃபோர்ஸ்டர் அப்படித் துணிந்தவர். பணக்காரர் மாளிகைகளில் ஆட்கள் வைத்துப் பேணப்பட்ட நீல நிற லார்க்ஸ்பர் பூவை, சாதாரண வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

வானியல் வீட்டுப் பிள்ளை

ஃபோர்ஸ்டர் 1874 மார்ச் 9 அன்று பெர்லினில் பிறந்தார். தந்தை வில்ஹெல்ம் ஃபோர்ஸ்டர் புகழ்பெற்ற வானியலாளர். பெர்லின் வான் ஆய்வகத்தின் இயக்குநர். நட்சத்திரங்களை அளந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை மண்ணைத் தேர்ந்தெடுத்தார். பதினைந்து வயதிலேயே ஷ்வெரின் நகர அரண்மனைத் தோட்டத்தில் தொழில் பழகச் சேர்ந்தார்.

1903-ல் பெர்லினில் பெற்றோரின் இடத்திலேயே சிறிய நாற்றுப் பண்ணையைத் தொடங்கினார். இடம் போதவில்லை. 1910-ஆம் ஆண்டுவாக்கில் போட்ஸ்டாம் நகரை ஒட்டிய போர்னிம் என்ற ஊரில் சுமார் 5,000 சதுர மீட்டர் விளைநிலத்தை வாங்கினார். நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றேகால் ஏக்கர். அங்கே வீடு, தோட்டம், பண்ணை மூன்றையும் அமைத்து, ஆயுள் முழுவதும் அங்கேயே வாழ்ந்தார்.

லார்க்ஸ்பரில் இரண்டு வகை

லார்க்ஸ்பர் என்ற பெயரில் இரண்டு வகைச் செடிகள் உண்டு. ஒன்று, விதைத்து, பூத்து, விதை விட்டு ஒரே பருவத்தில் முடிந்துபோவது. மற்றொன்று டெல்பினியம் என்ற பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் மேல்பகுதி காய்ந்துவிடும். வேர்த்தூர் மண்ணுக்குள் உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். ஃபோர்ஸ்டர் உழைத்தது இந்த இரண்டாவது வகையில்.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் உருவான டெல்பினிய ரகங்கள் ஐரோப்பாவில் பரவியிருந்தன. கதிர்போல ஆளுயரத்துக்கு நீண்ட பூங்கொத்துகள் பார்க்க அழகு. ஆனால் பல ரகங்களில் குறை இருந்தது. இலையில் சாம்பல் நோய் படியும். காற்றடித்தால் தண்டு சாயும். முட்டுக் கொடுத்தே நிறுத்த வேண்டும். சில ஆண்டுகளில் தூர் நலிந்து செத்துவிடும். தோட்டக்காரர் வைத்திருப்பவர்கள் இதைச் சமாளித்தார்கள். நாள் முழுவதும் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் கொல்லைப்புறத்தில் நான்கு செடி வளர்க்க நினைப்பவர் என்ன செய்வார்? ஃபோர்ஸ்டரின் கேள்வி அதுதான்.

விதைத்தார், காத்திருந்தார், கழித்தார்

கலப்பில் வந்த டெல்பினியத்தின் விதையை விதைத்தால் தாய்ச்செடியின் அச்சு அப்படியே வராது. வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். ஒரே காயிலிருந்து எடுத்த விதைகளில்கூட ஒன்று வெளிர்நீலம், ஒன்று அடர்நீலம், ஒன்று ஊதா என்று வரும். உயரமும் மாறும், நோய் தாங்கும் திறனும் மாறும். விதை வியாபாரிக்கு இது தலைவலி. புது ரகம் தேடுபவருக்கோ இதுவே மூலதனம்.

ஃபோர்ஸ்டர் ஏராளமான நாற்றுகளை வளர்த்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார். முதல் பூவின் அழகைக் கண்டு முடிவெடுக்கவில்லை. இலை நோயின்றி நிற்கிறதா, காற்றையும் மழையையும் தண்டு தாங்குகிறதா, கடுங்குளிர் கழிந்து தூர் பிழைத்து வருகிறதா, நிறம் வெயிலில் மங்காமல் இருக்கிறதா, முதல் பூ முடிந்ததும் வெட்டிவிட்டால் மறுபடி பூக்கிறதா என்று பார்த்தார். இவற்றில் தேறாத செடி எவ்வளவு அழகாக இருந்தாலும் கழிக்கப்பட்டது. போர்னிம் பகுதியின் கோடை வறட்சியும் குளிர்காலப் பனியும் அவருக்குத் துணை நின்றன. அங்கே தாங்கிய செடி மற்ற ஊர்களிலும் தாங்கியது.

தேறிய செடியை அவர் விதை மூலம் பெருக்கவில்லை. தூரைப் பிரித்தும், வசந்தத்தில் அடித்துளிர்களைத் தூரின் சிறு துண்டோடு வெட்டி வேர்விடச் செய்தும் பெருக்கினார். புதிய குணத்தைத் தேட விதை. கிடைத்த குணத்தைக் காக்கத் தூர். 1920-ல் வந்த வெளிர்நீல ‘பெர்க்ஹிம்மல்’, 1936-ல் வந்த அடர்நீல ‘ஃபின்ஸ்டரார்ஹார்ன்’ ஆகியவை அவருடைய புகழ்பெற்ற டெல்பினிய ரகங்கள். முன்னதன் பெயருக்கு மலைவானம் என்று பொருள். பின்னது சுவிட்சர்லாந்து மலைச்சிகரம் ஒன்றின் பெயர். பலவகைப் பூச்செடிகளிலும் சேர்த்து அவர் உருவாக்கிய ரகங்கள் சுமார் 370.

விதையில் கவனிக்க வேண்டியவை

லார்க்ஸ்பர் விதைக்குச் சூடு ஆகாது. புதிய விதை நன்றாக முளைக்கும். வெப்பமான இடத்தில் கிடந்த பழைய விதை முளைப்புத் திறனை விரைவில் இழக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரமில்லாமல், குளிர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. 15 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர்ச்சி முளைப்புக்கு ஏற்றது. விதை மறையும் அளவுக்கு மெல்லிதாக மண் மூட வேண்டும். வெளிச்சம் பட்டால் முளைப்பு குறையும். இரண்டு மூன்று வாரம் பொறுமை தேவை. நீர் தேங்கினால் நாற்றழுகல் வரும்.

ஒரு பருவ வகைக்கு ஆணிவேர் என்பதால் பிடுங்கி நட்டால் சுணங்கும். நேரடியாகப் பாத்தியில் விதைத்து, நெருக்கமான நாற்றுகளைக் கலைத்துவிடுவதே வழக்கம். பல்லாண்டு வகையை நாற்றுவிட்டு நடலாம்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்தச் செடியின் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. விதையும் இளந்துளிரும் கூடுதல் நஞ்சு. அமெரிக்காவின் மேய்ச்சல் நிலங்களில் காட்டு லார்க்ஸ்பரைத் தின்று மாடுகள் இறப்பது நெடுநாள் பிரச்சினை. கழித்த செடியைத் தீவனத்தோடு சேர்க்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் விதையை வைக்க வேண்டும்.

ஏழு பருவத் தோட்டம்

நாம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிப்பதுபோல, ஃபோர்ஸ்டர் தோட்டத்தின் ஆண்டை ஏழு பருவங்களாகப் பிரித்தார். எந்தப் பருவத்திலும் தோட்டத்தில் பார்க்க ஏதேனும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்காகப் புற்களையும் பெரணிகளையும் பூச்செடிகளோடு சேர்த்தார். புல் என்றால் களை என்று எண்ணியவர்களை அது திரும்பிப் பார்க்க வைத்தது. அறிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் நூல்களாக எழுதினார், வானொலியிலும் பேசினார்.

நாஜி ஆட்சியில், மண்ணின் சொந்தச் செடிகளை மட்டுமே வளர்க்க வேண்டும் என்ற பிரச்சாரம் எழுந்தது. தூர தேசச் செடிகளின் கலப்பில் வந்த ரகங்களை வளர்த்தவர் அவர். அந்தப் பிரச்சாரத்துக்கு அவர் இணங்கவில்லை. யூத நண்பர்களுக்கும் பண்ணையில் வேலை கொடுத்தார். அதே காலத்தில் அவர் நாஜிக் கட்சியின் உறுப்பினராகவும் இருந்தார் என்பதையும் வரலாறு பதிந்திருக்கிறது.

போர் முடிந்தபோது போர்னிம் சோவியத் ஆளுகைக்குள் வந்தது. பின்னர் கிழக்கு ஜெர்மனி ஆனது. எழுபது வயதைக் கடந்திருந்த ஃபோர்ஸ்டர் ஊரைவிட்டுப் போகாமல் ரக உருவாக்கத்தைத் தொடர்ந்தார். 1950-ல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1955-ல் கிழக்கு ஜெர்மனியின் தேசியப் பரிசு கிடைத்தது. 1970 நவம்பர் 27 அன்று, 96-ஆம் வயதில், போர்னிமில் காலமானார்.

அவருடைய தோட்டம் இன்று பாதுகாக்கப்பட்ட நினைவிடம். ‘பெர்க்ஹிம்மல்’ ரகம் இப்போதும் நாற்றுப் பண்ணைகளில் விற்கிறது. தூரைப் பிரித்தும் துளிரை வெட்டியுமே அது பெருக்கப்படுகிறது. எனவே இன்று ஒரு வீட்டுத் தோட்டத்தில் பூத்து நிற்கும் ‘பெர்க்ஹிம்மல்’ செடி, நூறு ஆண்டுகளுக்கு முன்பு அவர் கழிக்காமல் விட்ட அந்த ஒற்றை நாற்றின் தொடர்ச்சிதான்.