வைசூரி கண்ட கண்டியில் யோசப் வாஸ் அடிகளார்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி ஊவாவின் கொஸ்லந்த, மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வீடுகளை மண் மூடியது. சரியாகப் பதினொரு வாரங்கள் கழித்து, 2015 ஜனவரி 14ஆம் திகதி, கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் யோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இலங்கைக்குக் கிடைத்த முதற் புனிதர் அவர். உறவுகளை மண்ணுக்குள் பறிகொடுத்த துயர் ஆறாதிருந்த பதுளை மாவட்டத் தோட்ட மக்களுக்கு அப்பெயர் அந்நியமான ஒன்றல்ல. எனினும், அவரது வாழ்வைக் கத்தோலிக்கர் மட்டுமே அறிந்து வைத்திருப்பது ஒரு குறை என்றே நாம் கருதுகின்றோம்.

கோவாவின் பெனோலிம் கிராமத்தில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்த அவர், 1676இல் குருவானார். இலங்கைக் கரையோரத்தில் அப்போது ஒல்லாந்தர் ஆட்சி நிலவியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் கத்தோலிக்க சமயத்தைத் தடை செய்து, குருமாரை வெளியேற்றியிருந்தனர். அதற்கு முன்னர் அதே கரையோரத்தில் கோயில்களையும் பள்ளிவாசல்களையும் இடித்து, முஸ்லிம்களை விரட்டியவர்கள் கத்தோலிக்கரான போர்த்துக்கேயர் என்பதையும் மறந்துவிடலாகாது. அவ்வாறு விரட்டப்பட்ட முஸ்லிம்களுக்கு மன்னன் செனரத் காலத்தில் புகலிடம் தந்தது கண்டி இராச்சியம். பின்னாளில் வாஸ் அடிகளாருக்கும் அதே இராச்சியமே புகலிடமாயிற்று.

1687இல் தூத்துக்குடியிலிருந்து அவர் கடல் கடந்தார். குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாளின் கந்தலை உடுத்தியே வந்தார். யாழ்ப்பாணத்தை அடைந்தபோது கடும் வயிற்றுக்கடுப்பு அவரை வீழ்த்தியது. தொற்றிவிடும் என்ற அச்சத்தில் ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கிடந்தவரைக் கஞ்சி வார்த்துக் காத்தவர் ஒரு பெண் என அவரது சரிதங்கள் கூறுகின்றன. பிற்காலத்தில் நோயாளரிடம் அவர் காட்டிய பரிவின் ஊற்று இங்கிருந்தே பிறந்திருக்க வேண்டும் என்பது எமது எண்ணம்.

சில்லாலையை நிலைக்களனாகக் கொண்டு இரகசியமாகப் பணியாற்றிய அவரை ஒல்லாந்தர் தேடத் தொடங்கவே, கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். 1692இல் தலைநகர் நோக்கிப் புறப்பட்டவர், போர்த்துக்கேய உளவாளி என்ற ஐயத்தின் பேரில் சிறைப்பட்டார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டு, தமிழையும் அறிந்திருந்த அவர், அச்சிறையிலேயே சிங்களத்தைப் பயின்றார்.

அவரைச் சிறையிட்ட இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், அருகிப் போயிருந்த உபசம்பதா மரபை மீட்க 1697இல் அரக்கானிலிருந்து பிக்குமாரை வரவழைத்த பௌத்தப் பற்றாளன். நாளடைவில் அம்மன்னனே அடிகளார் தம் பணியைத் தடையின்றி ஆற்ற இடமளித்தான். தன் சமயத்தில் ஊன்றி நின்றவன் பிறர் சமயத்துக்கு இடம் கொடுத்தான் என்பது இன்றைய இலங்கையர் சற்று நின்று நினைக்க வேண்டிய செய்தி.

அதே 1697இல் கண்டியை வைசூரி தாக்கியது. வசதியுள்ளோர் நகரை விட்டகன்றனர். நோய் கண்டவர்களைச் சொந்தக் குடும்பத்தினரே காட்டோரங்களில் விட்டுச் சென்றனர். அடிகளார் அவர்களைத் தேடிச் சென்று, கைவிடப்பட்ட வீடுகளில் சேர்த்து, உணவூட்டினார், புண்களைக் கழுவினார், மாண்டோரைத் தம் கையாலேயே புதைத்தார். அவரால் காப்பாற்றப்பட்டோரிற் பெரும்பாலோர் அவரது சமயத்தவர் அல்லர். இரக்கம் என்ற சொல் அவரிடத்தில் வழிபாட்டு மேடையில் நின்றுவிடாமல் மண்வெட்டியைத் தூக்கியது.

ஊவாவும் அன்று கண்டி இராச்சியத்தின் பகுதியே. அங்கு கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட, 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்த தொழிலாளரும் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த பாதையில் வாந்திபேதிக்கும் அம்மைக்கும் பலியாகி வீழ்ந்தனர். நோயைச் சுமந்து வருவோர் என அஞ்சி, வழியிலிருந்த கிராமங்கள் அவர்களை ஒதுக்கின. பலருக்குப் புதைகுழியும் வாய்க்கவில்லை.

இது பழங்கதை என்று எவரும் எண்ண வேண்டாம். கொரோனாவால் இறந்தோரின் உடல்களைத் தகனம் செய்தே தீர வேண்டும் என 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. அடக்கமும் செய்யலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும், முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பச்சிளங் குழந்தையின் உடலும் அதற்குத் தப்பவில்லை. அடக்கத்தை விரும்பிய கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே கதியே நேர்ந்தது. 2021 பெப்ரவரியிலேயே அடக்கத்துக்கு அனுமதி கிடைத்து, ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கப்பட்டது. மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில். நோய் அச்சம் ஓர் அரசை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1697இன் கண்டியில் இறந்தவரின் உடலுக்கு அஞ்சாதவர் ஒருவராவது இருந்தார்.

ஆயர் நிலைப் பதவி தேடி வந்தபோதும் அதை ஏற்க மறுத்த அடிகளார், 1705இல் வந்து சேர்ந்த யாக்கோமே கொன்சால்வெஸ் முதலிய துணைக் குருமாரிடம் பணியை ஒப்படைத்துவிட்டு, 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியிற் காலமானார். அவரை அடக்கம் செய்த கோயில் பின்னாளில் அழிந்துபோயிற்று. அத்தனை பேருக்குக் குழி வெட்டியவரின் கல்லறை இருந்த இடம் இன்றுவரை உறுதியாக இனங்காணப்படவில்லை.