இரண்டு விரல்களின் திஸ்ரம்

ஆறு மாதங்களாகக் கிதாரில் திஸ்ரக் கோர்வைகளைச் சாதகம் செய்துவருகிறேன். ஒரு தட்டுக்குள் தகிட என மூன்று சுரங்கள். வாயால் சொல்வதற்கு எளிது. அதே ஓட்டத்தைக் குலைக்காமல் சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்தால் அழுத்தம் தட்டை விட்டு நழுவி, நான்கு தட்டுகள் கடந்த பிறகே மீண்டும் வந்து சேர்கிறது. அந்த இடைவெளியில் பழுதில்லாத என் விரல்கள் தடுமாறும்போதெல்லாம் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் நினைவுக்கு வருகிறார்.

பெல்ஜியத்தின் லிபெர்ஷீ கிராமத்தில் 1910ஆம் ஆண்டு, ரோமா நாடோடிக் குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். பதின்ம வயதிலேயே பாரிஸின் நடன விடுதிகளில் அக்கார்டியன் கலைஞர்களுக்குப் பான்ஜோ வாசித்தார். 1928 நவம்பரில் அவருடைய வண்டி தீப்பற்றியது. விற்பனைக்காக வைத்திருந்த செல்லுலாய்டுப் பூக்கள் நொடியில் எரிந்தன. இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் சுருங்கிப்போயின. அப்போது அவருக்கு வயது 18.

விபத்தே அவருக்கு மேதைமையைத் தந்தது என்று எழுதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தீ பறிக்கத்தான் செய்தது, மீட்டது சாதகம். சகோதரர் கொண்டுவந்த கிதாரில், ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கொண்டே தந்திகளின் நீளம் முழுவதும் ஓடப் பழகினார். சுருங்கிய விரல்களையும் வீணாக்காமல், மேல்தந்திகளில் சுரக்கூட்டுகளை அழுத்தப் பயன்படுத்திக்கொண்டார். தந்தி மாறும்போதெல்லாம் வலக்கை கீழ்நோக்கிய மீட்டலில் தொடங்கும் முறை அவர் வழிவந்தவர்களிடம் இன்றும் உண்டு. ஒரு தந்தியில் மூன்று சுரங்களென்றால் கீழ், மேல், கீழ். அடுத்த தந்தியில் மறுபடியும் கீழ். திஸ்ரத்தின் முதற்சுரம் தானாகவே அழுத்தம் பெற்றுவிடுகிறது. இரு விரல்களைக் கட்டிக்கொண்டு நானும் ஒருநாள் முயன்றேன். அசட்டுத்தனம்தான், ஆயினும் எவ்வளவு தூரம் கை நகரவேண்டும் என்பது புரிந்தது.

1934இல் ஸ்டெஃபான் கிராப்பெல்லியின் வயலினோடு பாரிஸில் உருவான ஐவர் குழுவில் முழவே இல்லை. மூன்று கிதார்கள், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ், அவ்வளவே. தாளத்தைத் தந்திகளே தாங்கின. இசைக்குறிப்புகளைப் படிக்கத் தெரியாதவர் அவர். கணக்கு முழுவதும் காதில் இருந்தது.

நாஜிகள் ரோமா மக்களைக் கொன்றுகுவித்த காலத்தில் பாரிஸிலேயே வாசித்தார். 1943இல் சுவிட்சர்லாந்துக்குத் தப்ப முயன்று தோற்றார். 1946இல் அமெரிக்கா சென்று டியூக் எலிங்டனோடு வாசித்தார். 1953 மே 16 அன்று, மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவால் மறைந்தார். வயது 43.

இன்று காலை நான் அந்த நான்கு தட்டுகளையும் பிழையின்றிக் கடந்தேன், ஒரே ஒரு முறை.