மிட்டாய் கொடுத்து முந்தியவர்!



உங்களில் பலருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரிந்திருக்கும். ஒரே நாளில் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்? ஐந்து கிலோமீட்டர்? பத்து? ஒரு பெண்மணி 12 மணி நேரத்தில் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வேகம்! அவர் பெயர் பெரில் பர்ட்டன். இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள யார்க்ஷயரைச் சேர்ந்தவர்.

சிறுவயதிலிருந்தே பெரிய வீராங்கனையாக இருந்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை, குழந்தைகளே. கதையே வேறு.

பெரில் 1937ஆம் ஆண்டு மே 12ஆம் தேதி லீட்ஸ் நகரின் ஒரு பகுதியான ஹால்டனில் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே 11 வயதில் எல்லாக் குழந்தைகளும் ஒரு தேர்வு எழுத வேண்டும். தேறினால்தான் மேல்படிப்புக்கு உதவும் பள்ளியில் இடம். பெரில் தேறவில்லை. அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இன்னொரு துன்பம் வந்தது. ருமாட்டிக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. இது இதயத்தையும் நரம்புகளையும் தாக்கக்கூடிய நோய். கைகால்கள் சொன்னபடி கேட்கவில்லை. சில காலம் பேச்சும் வரவில்லை. மருத்துவமனையில் ஒன்பது மாதம், உடல் தேறுவதற்கான ஓர் இல்லத்தில் பதினைந்து மாதம் என்று, மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடிய இரண்டு ஆண்டுகளை அவர் கட்டிலில் கழித்தார். இனிமேல் உடலை வருத்தும் வேலை எதுவும் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரித்து அனுப்பினார்கள்.

பள்ளியை விட்டபின் பெரில் ஆடை தயாரிக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார. அங்கே சார்லி பர்ட்டன் என்ற இளைஞர் தினமும் சைக்கிளில் வருவார். அவர் மூலம்தான் பெரிலுக்குச் சைக்கிள் பழக்கமானது. 1955இல் இருவருக்கும் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டே டெனிஸ் என்ற மகள் பிறந்தாள். லீட்ஸை அடுத்த மார்லியில் குடியிருந்தார்கள்.

மார்லியில் ஒரு சைக்கிள் சங்கம் உண்டு. யார்க்ஷயர் சைக்கிள் சங்கங்களுக்கு ஒரு வழக்கம். ஞாயிறு வந்தால் போதும், கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். வடக்கே போனால் வார்ஃப் ஆற்றங்கரையில் ஓட்லி என்ற சந்தை ஊர். ஆற்றை ஒட்டியே மேலே ஏறினால் இல்க்லி. அதற்கும் மேலே பள்ளத்தாக்குக் கிராமங்கள். சாலையின் இரு பக்கமும் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். சுவருக்கு அப்பால் செம்மறியாடுகள். திடீரென்று செங்குத்தான மேடு, உடனே சரிவு, நடுவில் மழையும் எதிர்க்காற்றும்! வழியில் ஒரு கிராமத்தில் தேநீர் குடித்துவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள்.

இப்படிப்பட்ட சாலைகள்தான் பெரிலுக்குப் பள்ளிக்கூடம். தொடக்கத்தில் அவரால் கூட்டத்தோடு போக முடியவில்லை. சார்லி முதுகில் கைவைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு கூட்டத்தோடு சேர்ந்து ஓட்டினார். அதற்கடுத்த ஆண்டு கூட்டத்துக்கே முன்னால் போய்விட்டார்!

அவருக்கு விளையாட்டால் சம்பளம் கிடையாது. ஒரு பண்ணையில் கூலி வேலை செய்தார். அந்த வட்டாரத்தில் ருபார்ப் என்ற செடி அதிகம் விளையும். சிவந்த தண்டு, நல்ல புளிப்பு. சர்க்கரை போட்டுச் சமைப்பார்கள். குளிர்காலத்தில் குனிந்து நிமிர்ந்து கனமான வேர்க்கிழங்குகளைத் தூக்கும் வேலை. அது அவருக்கு உடற்பயிற்சியாகவும் அமைந்தது. வேலை முடிந்ததும் சைக்கிள் பயிற்சி. சார்லி சைக்கிளைப் பழுது பார்ப்பார், குழந்தையைக் கவனிப்பார், போட்டிகளுக்கு உடன் வருவார். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டும் வாய்ப்பு வந்தபோதும் பெரில் மறுத்துவிட்டார்.

பெரில் பெரும்பாலும் ஓட்டியது நேரப் போட்டிகளில். அதில் எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். நிமிடத்துக்கு ஒருவராகக் கிளம்புவார்கள். பக்கத்தில் ஆள் இருக்காது; கடிகாரத்தோடுதான் போட்டி. 12 மணி நேரப் போட்டி என்றால், அந்த நேரத்துக்குள் யார் அதிகத் தூரம் போகிறார் என்று பார்ப்பார்கள். கடைசியில் ஒரு சிறிய வட்டப் பாதையில் சுற்றச் சொல்லி, ஆங்காங்கே ஆட்களை நிறுத்தித் துல்லியமாகக் கணக்கெடுப்பார்கள்.

1967ஆம் ஆண்டு செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. ஓட்லி சைக்கிள் சங்கம் நடத்திய 12 மணி நேரப் போட்டி. முதலில் ஆண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பிறகு பெண்கள். ஆண்களில் மிகச் சிறந்தவரான மைக் மக்னமாரா போன இரண்டு நிமிடம் கழித்துப் பெரில் புறப்பட்டார். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கடந்து வந்தார். சுமார் 235 மைல் ஓட்டிய பிறகு எதிரே ஒரே ஒரு முதுகுதான் தெரிந்தது. மக்னமாராவின் முதுகு!

அவரோ அன்று ஆண்களுக்கான தேசிய சாதனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவரையே முந்த வேண்டும். பெரிலுக்கு ஒரு கணம் மனசு சங்கடப்பட்டது. ஏதாவது செய்யத் தோன்றியது. என்ன செய்தார் தெரியுமா? சட்டைப் பையில் கைவிட்டு, அதிமதுரம் சேர்த்த மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். பெரில் மிதித்து முன்னே போய்விட்டார்.

மாலையில் கணக்குப் பார்த்தார்கள். மக்னமாரா 276.52 மைல். ஆண்களில் புதிய சாதனை! பெரில் 277.25 மைல். ஒரு பெண்ணின் தூரம் ஆண்களின் சாதனையைத் தாண்டியிருந்தது. ஆண்கள் அந்தத் தூரத்தை எட்ட 1969 வரை ஆனது. பெண்களில் அதை முறியடிக்க ஐம்பது ஆண்டுகள், 2017 வரை ஆனது!

உலகப் பட்டங்கள் ஏழு வென்றார். நாட்டின் சிறந்த நேரப்போட்டி வீராங்கனை என்ற பட்டத்தை 1959 முதல் 1983 வரை தொடர்ந்து 25 ஆண்டுகள் யாரிடமும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் ஒலிம்பிக்கில் ஒரு முறைகூட ஓட்டவில்லை. ஏன் தெரியுமா? பெண்களுக்குச் சைக்கிள் போட்டியே 1984இல்தான் அங்கே சேர்க்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 47.

இனி அவர் சறுக்கிய ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். மகள் டெனிஸும் வளர்ந்து வீராங்கனை ஆனாள். 1976இல் தேசிய சாலைப் போட்டியில் தாயும் மகளும் மோதினார்கள். கடைசி நேர ஓட்டத்தில் மகள் முந்தி வென்றாள். பரிசு மேடையில் பெரில் மகளோடு கைகுலுக்க மறுத்துவிட்டார். முந்தும்போது மிட்டாய் கொடுத்த அதே கை, தோற்றபோது நீள மறுத்தது! அது விளையாட்டு வீரருக்கு அழகல்ல என்று தன் வாழ்க்கை வரலாற்று நூலில் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு 1982இல் தாயும் மகளும் இருவர் ஓட்டும் சைக்கிளில் ஒன்றாக அமர்ந்து, 10 மைலை 21 நிமிடம் 25 விநாடியில் கடந்து சாதனை படைத்தார்கள்.

1996 மே 5ஆம் தேதி. அடுத்த வாரம் வரவிருந்த தன் 59ஆவது பிறந்தநாளுக்கு அழைப்பிதழ் கொடுக்கச் சைக்கிளில் கிளம்பினார் பெரில். போகும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது. மார்லியில் இன்று அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது. 2014இல் உலகப் புகழ்பெற்ற பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் லீட்ஸில் தொடங்கி, ஓட்லி, இல்க்லி வழியாகவே போனது.

குழந்தைகளே, மருத்துவர் சொல்வதைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு தேர்வில் தவறிவிட்டு அழுது உட்கார்ந்த பிள்ளைகள் பலரை என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் பெரிலின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரு வாசல் மூடினால் உங்களுக்கான சாலை வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று. நீங்கள் யாரையாவது முந்தும்போது உங்கள் பையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். உங்களை யாராவது முந்தினால், முதலில் நீளும் கை உங்களுடையதாக இருக்கட்டும். செய்வீர்கள்தானே?