ஸ்பார்க் மேல் விழுந்த பழி: சார்லஸ் கெட்டரிங்கின் கதை

ஒரு டர்போ பெட்ரோல் கார். ஐடிலில் அழகா நிக்குது. டவுனுக்குள்ள மெதுவா ஓட்டினா ஒரு குறையும் இல்ல. ஹைவேல மூணாவது கியர்ல ஆக்சிலரேட்டரை அழுத்தி, டர்போ பூஸ்ட் ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது. என்ன பிரச்சனை?

பாதிப் பேர் சொல்ற பதில், ஸ்பார்க் வீக். பல நேரம் அது சரியும்கூட. டர்போ காற்றை அமுக்கி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அடர்த்தி கூடிய அந்தக் காற்றைத் தாண்டி ஸ்பார்க் குதிக்க அதிக வோல்டேஜ் வேணும். காயில் சோர்ந்திருந்தாலோ, பிளக் கேப் அகன்றிருந்தாலோ ஐடிலில் சமாளிக்கும், பூஸ்டில் கைவிட்டுடும். ஆனா அதே பூஸ்டில் வேற ஒரு கோளாறும் வரும்: நாக்கிங். அதுக்கும் ஸ்பார்க் வீக்கா இருக்கிறதுக்கும் சம்பந்தமில்ல. இந்த ரெண்டையும் குழப்பிக்கிற பழக்கத்துக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. அந்தக் குழப்பத்தால் பழி சுமந்து, கடைசியில் விடையும் கண்டுபிடித்தவர்தான் சார்லஸ் கெட்டரிங்.

கண் சரியில்லாத மாணவன்

1876 ஆகஸ்ட் 29-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லவுடன்வில் ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலிருந்தே கண் பார்வை பலவீனம். கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துவிட்டு ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் சேர்ந்தார். கண் ஒத்துழைக்காததால் நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. சும்மா உட்காராமல் டெலிஃபோன் கம்பெனியில் கம்பம் நட்டு லைன் இழுக்கும் வேலைக்குப் போனார். பிறகு திரும்பி வந்து, ரூம்மேட்கள் பாடத்தை வாசித்துச் சொல்ல, காதால் கேட்டே படித்து 1904-ல் எலக்ட்ரிகல் டிகிரி வாங்கினார். அப்போது வயசு 27. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!

முதல் வேலை டேட்டன் நகரில், நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். கையால் கைப்பிடி சுற்ற வேண்டியிருந்த கல்லா மெஷினுக்கு ஒரு குட்டி எலக்ட்ரிக் மோட்டார் வைத்தார். கல்லா திறக்கும் அந்த ஒரு நொடிக்கு மட்டும் மோட்டார் ஓடினால் போதும். அதனால் அளவுக்கு மீறி கரன்ட் கொடுத்தாலும் சூடாகி எரிவதற்குள் வேலை முடிஞ்சிடும். இந்த ஐடியாவை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மாட்டுக் கொட்டகை மாதிரி ஒரு லேப்

கூட வேலை பார்த்த எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் ஒரு களஞ்சியக் கொட்டகை இருந்தது. வேலை முடிந்ததும் அங்கேதான் ஆராய்ச்சி. டெல்கோ கம்பெனி பிறந்தது அந்தக் கொட்டகையில்தான்.

அந்தக் காலத்து கார்கள் பலவற்றில் காயில் தேனீ மாதிரி ரீங்கரித்து வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்பார்க்குகளைக் கொட்டும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகும். நேரமும் துல்லியமா இருக்காது. கெட்டரிங் யோசித்தது, வேண்டிய நொடியில் ஒரே ஒரு வலுவான ஸ்பார்க். பேட்டரியிலிருந்து காயிலின் பிரைமரிக்குக் கரன்ட் போகும். கான்டாக்ட் பாயின்ட் திறந்ததும் கரன்ட் அறுந்து, காந்தப்புலம் சட்டென்று சரியும். ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட செகண்டரியில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். பாயின்ட்டில் பொறி பறந்து கரன்ட் இழுபடாமல் கண்டன்சர் பார்த்துக்கொள்ளும். பின்னாளில் பழைய வண்டிகளில் பாயின்ட் கருகி ஸ்பார்க் மங்கினால் மெக்கானிக் முதலில் கண்டன்சரைச் சந்தேகப்பட்டது இதனால்தான்.

1910 மாடல் காடிலாக் காரில் இந்த இக்னிஷன் வந்தது. அடுத்து 1912 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டர். கார் இன்ஜினைச் சுற்ற மிகப் பெரிய மோட்டார் வேண்டும் என்று எல்லோரும் கணக்குப் போட்டிருந்தார்கள். இவரோ கல்லா மெஷினை நினைத்தார். சில நொடிகளுக்குத்தானே, சின்ன மோட்டார் தாங்கும். கிராங்க் கைப்பிடி திருப்பி அடித்துக் கை உடைவதும் அத்தோடு குறைந்தது.

பழி

ஆனால் நிம்மதி நீடிக்கவில்லை. இன்ஜின்கள் பாரம் இழுக்கும்போது சுத்தியலால் அடிப்பது போல் டக்டக் என்று சத்தம் போட்டன. புதுசா வந்தது எது? பேட்டரி இக்னிஷன். அப்போ குற்றவாளி அதுதான் என்று பலரும் முடிவு கட்டினார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய டெல்கோவின் வீட்டு ஜெனரேட்டர்களும் அதே சத்தம் போட்டன.

கெட்டரிங் வாதாடவில்லை. தாமஸ் மிட்ஜ்லி என்ற இளம் இன்ஜினியரை இதற்கென்றே உட்கார வைத்தார். சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறுகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். ஸ்பார்க் சரியான நேரத்தில்தான் விழுந்தது. அதற்குப் பிறகு, இன்னும் எரியாமல் மிச்சமிருந்த கலவை தானாக வெடித்ததில்தான் சத்தம் வந்தது. கோளாறு ஸ்பார்க்கில் இல்லை, எரிபொருளில். சிவப்பு நிறம் வெப்பத்தை உறிஞ்சி உதவலாம் என்ற ஊகத்தில் எரிபொருளில் அயோடின் கலந்தார்கள். நாக்கிங் குறைந்தது! வேறு சிவப்புச் சாயங்களைக் கலந்தால் பலனில்லை. ஊகம் தப்பு, ஆனால் வேதிப்பொருளால் நாக்கிங்கை அடக்கலாம் என்பது தெரிந்துவிட்டது.

தேடல் நின்ற இடம்

1921 டிசம்பரில் விடை கிடைத்தது: டெட்ராஎத்தில் லெட், அதாவது ஈயம். துளி போதும், நாக்கிங் போயே போச்சு. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்று அவருடைய ஆய்வகத்துக்குத் தெரியும். ஆனால் அதை நிறையக் கலக்க வேண்டும், தனியுரிமை லாபமும் கிடைக்காது. 1923-ல் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924-ல் எத்தில் கம்பெனி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் கெட்டரிங்தான்.

அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் ஈய விஷத்தால் தொழிலாளர்கள் புத்தி பேதலித்தார்கள். 5 பேர் இறந்தார்கள். ஆலிஸ் ஹாமில்டன் போன்ற மருத்துவர்கள் எச்சரித்தார்கள். விற்பனை கொஞ்ச நாள் நின்று, மறுபடியும் தொடங்கியது. இந்தியாவில் ஈய பெட்ரோல் 2000-ல்தான் விடைபெற்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல்.

கெட்டரிங் 1947 வரை ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர். ரயில் டீசல் இன்ஜின்களிலும் அவர் பங்கு பெரியது. நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1958 நவம்பர் 25-ல் காலமானார்.

ஸ்பார்க் மேல் பழி விழுந்தபோது, அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர் அவர். ஈயத்தின் மேல் பழி விழுந்தபோது அந்தப் பொறுமை அவரிடம் இல்லை. முதல் பழி பொய்யானால் அவருக்கு லாபம், இரண்டாவது உண்மையானால் நஷ்டம். வித்தியாசம் அவ்வளவுதான்.

பூஸ்டில் வண்டி திணறினா, பிளக்கைக் கழற்றி கேப்பை அளங்க. காயிலுக்கு வோல்டேஜ் சரியா வருதா பாருங்க. நாக் சென்சார் என்ன சொல்லுதுன்னும் பாருங்க. முக்கியமா, நீங்களே போட்ட பார்ட் ஏதாவது இருந்தா, அதை முதல்ல செக் பண்ணுங்க.